அங்கீகாரத்துக்கு நாங்கள் எண்ணிய வருடம்

அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரின் போலீஸ் துறையில் வேலை என்று சொன்னால், மதுரையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "துப்பாக்கி குடுத்திருக்காங்களா?" கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு மானிட்டர், ஒரு ஸ்கேனர், டப்பா நிறைய மஞ்சள் ஹைலைட்டர். அக்ரெடிடேஷன் மேனேஜர் என்பது பதவியின் பெயர். சீருடை கிடையாது.

நம் ஊர்க் கல்லூரிகளைத் தரம் பார்க்க நாக் (NAAC) குழு வருகிற மாதிரி, இங்கே போலீஸ் துறைகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்க கலியா (CALEA) என்று ஓர் ஆணையம் இருக்கிறது. போலீஸ் தலைவர்கள் சங்கம், ஷெரிஃப்கள் சங்கம் உட்பட நான்கு அமைப்புகள் சேர்ந்து 1979-ல் தொடங்கியது. அரசாங்க அமைப்பு அல்ல. சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணத்தைக் கட்டி, "எங்களைச் சோதியுங்கள்" என்று நாமே போய் நிற்க வேண்டும். நான்கு வருடச் சுற்று. வருடா வருடம் ஒரு மதிப்பீட்டாளர் கோப்புகளில் ஒரு பகுதியை இணையத்திலேயே பார்த்துவிடுவார். நான்காம் வருடம் ஆட்கள் நேரில் வந்து இறங்குவார்கள்.

எங்களுக்கு நான்காம் வருடம் 2020.

ஒவ்வொரு விதிக்கும் இரண்டு விஷயம் காட்ட வேண்டும். கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா, எழுதியபடி நடந்ததா. இரண்டாவதற்கு நாங்கள் 'ப்ரூஃப்' என்போம். என் வேலையே அதைத் துரத்துவதுதான். "அதெல்லாம் பண்ணிட்டோம்" என்று சொல்கிற சார்ஜென்டிடம், "சரி, காகிதம் எங்கே?" என்று கேட்டுக்கேட்டு யாருக்கும் பிடிக்காதவளாக ஆனதுதான் மிச்சம்.

மார்ச்சில் ஊரடங்கு. வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். நேரில் வருவதற்குப் பதிலாக மதிப்பீடு வீடியோவில் நடக்கும் என்று தெரிந்தபோது, சிரமம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டது உண்மை. மே 25 வந்தது. மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தார்; கூட இருந்த போலீஸ்காரர்கள் தடுக்கவில்லை. அதற்கப்புறம் என் மேஜைக்கு வந்த எந்த மெயிலும் பழைய மாதிரி இல்லை.

ஜூன் தொடக்கத்தில் நகர மன்றத்திலிருந்து ஓர் அட்டவணை வந்தது. 'எயிட் கான்ட் வெயிட்' என்ற பிரசாரம் அப்போது நாடு முழுக்கப் பரவியிருந்தது. கழுத்தை நெரிக்கத் தடை, சுடுவதற்கு முன் எச்சரிக்கை, ஓடும் வண்டியைச் சுடத் தடை என்று எட்டு அம்சங்கள். எட்டுக்கும் எங்களிடம் என்ன இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஏழுக்குச் சிக்கலில்லை. எட்டாவது, சக போலீஸ்காரர் வரம்பு மீறினால் தலையிட வேண்டிய கடமை. எங்கள் கையேட்டில் அது இருந்தது. ஆனால் "தடுக்க முயல வேண்டும்" என்று இருந்தது. அந்த 'முயல' என்ற சொல்லை எடுப்பதற்கு மூன்று கூட்டம். தொழிற்சங்கப் பிரதிநிதி கேட்டார்: வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளான பையன், பத்தொன்பது வருடம் சர்வீஸ் போட்ட தன் பயிற்சியாளரின் கையைப் பிடித்து இழுப்பானா? யாரும் பதில் சொல்லவில்லை. எடுத்துவிட்டோம். "தடுக்க வேண்டும்."

இதில் என்னை உறுத்தியது வேறு. மினியாபொலிஸ் போலீஸ் கையேட்டில் இந்தக் கடமை 2016-லிருந்தே இருந்திருக்கிறது. என் கணக்கில் பார்த்தால் அவர்கள் முதல் கேள்வியில் பாஸ்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் 84.1.6 கோப்பைத் திறந்தேன். பறிமுதல் பொருள் அறை பற்றிய விதி. அறைப் பொறுப்பாளர் மாறினால் உள்ளே இருப்பதைக் கணக்கெடுத்துத்தான் சாவி கைமாற வேண்டும். எங்கள் பொறுப்பாளர் மார்ச்சில் மாறியிருந்தார். ஊரடங்குக் குழப்பத்தில் சாவி மட்டும் மாறியிருக்கிறது. கோப்பு காலி.

புதுப் பொறுப்பாளரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மார்ச் தேதி போட்டு ஒரு மெமோ அடிச்சிடலாமே, யாருக்குத் தெரியப் போகுது?" உடனே முடியாது என்று சொன்னேன் என எழுத ஆசைதான். சொல்லவில்லை. "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். நான்கு வருட வேலை, ஒரு காகிதம். மறுநாள் காலையில்தான் துறைத் தலைவரான சீஃப்பிடம் போனேன். அவர் அதிகம் பேசவில்லை. "இப்ப எண்ணுங்க. ஏன் லேட்டுனு எழுதுங்க. இன்னைத் தேதி போடுங்க."

இரண்டு நாள் எண்ணினோம். பணம், போதைப்பொருள், துப்பாக்கி மூன்றும் ஒன்று விடாமல். மற்றவற்றில் அங்கங்கே எடுத்துப் பார்த்தோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்றடுக்கு பிளாஸ்டிக்கில் சீல் வைத்தும் கஞ்சா வாடை மாஸ்க்குக்குள் புகுந்தது. பழுப்புக் காகிதப் பைகள், அவற்றின் மேல் சிவப்பு டேப், டேப்பின் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. நாற்பது டாலர் இருக்க வேண்டிய கவர் ஒன்றைக் காணவில்லை. இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு அது ஒரு கீழ்த்தட்டில் கிடைத்தது, சைக்கிள் பூட்டு ஒன்றின் அடியில். பொறுப்பாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்டில் மதிப்பீடு. ஓர் அதிகாரி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் முழுக்க நடந்தார். பொருள் அறையின் கான்கிரீட் சுவருக்குள் சிக்னல் போய், மதிப்பீட்டாளர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். பொதுமக்கள் போனில் கருத்துச் சொல்ல ஒரு நேரம் ஒதுக்குவார்கள். ஊர் கொதிக்கிறது, வரிசை கட்டி அழைப்பார்கள் என்று நினைத்தோம். வந்தது இரண்டு. ஒருவர் மோட்டார் சைக்கிள் சத்தம் பற்றி மட்டும் பதினோரு நிமிடம் பேசினார்.

தாமதமான கணக்கெடுப்பு மெமோவை மதிப்பீட்டாளர் முதல் நாளே திறந்தார். மூன்று கேள்வி கேட்டார், அறிக்கையில் எழுதினார், அவ்வளவுதான். மார்ச் தேதி போட்டிருந்தால் அந்த மூன்று கேள்விக்கும் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

நவம்பரில் ஆணையர்கள் முன் விசாரணை, அதுவும் திரையில். சீஃப் மேஜைக்கு மேலே முழுச் சீருடை, கீழே ஓட்டப் பயிற்சி ஷூ. சீக்கிரமே முடிந்தது.

இதற்கு இணையாக இன்னொரு காகிதமும் ஓடியது. ஜூன் 16 அன்று அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவுப்படி, மத்திய அரசு தன் விருப்பப்படி கொடுக்கும் நிதி வேண்டுமானால் சுதந்திரமான ஓர் அமைப்பிடம் போலீஸ் துறை சான்று வாங்க வேண்டியிருந்தது. கெடு 2021 ஜனவரி 31. கட்டாய நிபந்தனை இரண்டே இரண்டு: பலப்பிரயோகக் கொள்கை சட்டப்படி இருக்க வேண்டும், உயிர்பறிக்கும் பலம் சட்டப்படி அனுமதிக்கப்படும் சூழலைத் தவிர கழுத்தை நெரிக்கத் தடை இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு மதியப் பொழுது வேலை. அங்கீகாரம் பக்கமே வராத பக்கத்து ஊர்த் துறைகளிலிருந்துதான் அழைப்புகள்: "உங்க கொள்கையைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" அனுப்பினேன். ஒரு துறை எங்கள் ஊர்ப் பெயரைக்கூட மாற்றாமல் போட்டுவிட்டது.

தலையிடும் கடமை என்ற அந்த எட்டாவது அம்சத்துக்கு என்ன ப்ரூஃப் வைப்பது என்பதுதான் கடைசிவரை நின்றது. பொருள் அறைக்கு எண்ணிக் கையெழுத்துப் போடலாம். தலையிட்டதற்கு? என்னிடம் இருந்தது பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவு மட்டும். அதனால் பலப்பிரயோக அறிக்கையில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தோம்: 'வேறு அதிகாரி தலையிட்டாரா?' டிசம்பர் கடைசியில் எல்லா அறிக்கைகளையும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் 'இல்லை'.

"இது நல்ல செய்தியா?" என்று சீஃப் கேட்டார். தெரியாது என்றேன். வருடாந்தர ஆய்வில் எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்தேன்.