சைடு பைப்புக்கு விரிய இடம் விடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 12 சுற்று ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். எஞ்சின் புகையைக் காரின் பக்கவாட்டில் வெளியேற்ற நாங்களே செய்த சைடு பைப்பில் ஒரு விரிசல் இல்லை. ஆனால் அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. பைப்பை இரண்டு முறை வாங்கினோம், ஒரு நாள் டோ வண்டி வாடகை முழுதாக வீணானது, வெல்டிங் இரண்டு தடவை போனது. சென்னையில் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்களுக்கு ஆன செலவு ஆகக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கார், நானும் மச்சானும் போரூர் ஷெட்டில் கட்டியது. லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அமைப்பு, சதுரக் குழாய் சேஸி, புதுப்பேட்டையில் எடுத்த ஜிப்ஸி 1.3 எஞ்சின், ஃபைபர் பாடி. நம்பர் கிடையாது, டிராக்குக்கு மட்டும்தான். எங்கே போனாலும் டோ வண்டிதான். (ரோட்டில் ஓடும் காரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.)

முதல் அடி பைப் வாங்கும்போதே விழுந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் கேட்டோம். “304-தான் சார், காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது” என்றார் கடைக்காரர். வைத்தோம், ஒட்டவில்லை, வாங்கிவிட்டோம். மில் டெஸ்ட் சர்டிபிகேட் (எந்த ரகம் என்று ஆலை தரும் சான்று) கேட்டதற்கு “நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறேன்” என்றார். இன்றுவரை வரவில்லை.

202 எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது. அது எங்களுக்குத் தெரியாமல் போனது. 304-இல் 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும். 202-இல் பாதி அளவுதான், மீதியை மாங்கனீஸ் வைத்துச் சமாளிப்பார்கள். மாடிப்படி கைப்பிடிக்கு அது போதும். சூடேறி ஆறி, அதன்மேல் நம் ஊர் உப்புக் காற்றும் படுகிற சைலன்சருக்கு அது ஆகாது. கிண்டி எஸ்டேட்டில் ஒரு வெல்டர் அண்ணன் பைப்பைப் பார்த்ததும் மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன பாட்டிலும் 9 வோல்ட் பேட்டரியும் எடுத்தார். ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட வைத்தார். சொட்டு செக்கச் செவேல் என்று சிவந்தது. “202 தம்பி” என்றார், அவ்வளவுதான். அந்த மருந்து எஸ்.எஸ். விற்கும் தெருக்களிலேயே கிடைக்கிறது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சர்டிபிகேட் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அம்பத்தூர் பயணம். வண்டியை டோவில் ஏற்றி, பெண்ட் போடும் பட்டறைக்குக் காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். பெரியவர் குனிந்து பார்த்தார். “ஸ்டீரிங் ராடு எங்க?” பெயின்ட் அடிக்கக் கழற்றி ஷெட்டில் வைத்திருந்தோம். “அது இல்லாம வளைச்சா நாளைக்குப் பைப்பு அதுலதான் போய் இடிக்கும். மாட்டி எடுத்துட்டு வாங்க.” எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. அடுத்த வாரம் ராடு மாட்டிக்கொண்டு போனபோது, மூன்றாவது சிலிண்டர் பைப் அதிலிருந்து ஒரு விரல் அகலம்தான் தள்ளிப் போனது. அவர் கைக்கு நன்றி சொன்னேன்.

இதற்குள் பாடம் படித்திருந்தோம். வளைவு எப்படிப் போக வேண்டும் என்பதை முதலில் பி.வி.சி. பைப், எல்போ வைத்து ஷெட்டிலேயே ஒட்டிப் பார்த்தோம். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆள் உட்கார்ந்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால் 1-ஐயும் 4-ஐயும் ஜோடி சேர்த்தோம், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்த்தோம், அப்புறம் இரண்டு ஜோடியும் கலெக்டர் என்கிற இடத்தில் ஒன்றாகி சைடில் இறங்கும். பைப்பை எஞ்சினில் இறுக்கும் பிளாஞ்ச் 10 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு, லேசர் கட்டிங், பிரச்சனை இல்லை. வெல்டிங் முடியும்வரை அதைப் பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். எம்.எஸ்.ஸோடு எஸ்.எஸ். சேரும் இடத்துக்கு 309எல் ராடு கேளுங்கள்.

வெல்டிங்கை முதலில் வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தோம். கேட் வேலை, கைப்பிடி வேலை எல்லாம் அழகாகச் செய்பவர். வெளியே பார்த்தால் சில்லறை அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தது. ஒரு துண்டை அறுத்துப் பார்த்த பிறகுதான் வயிறு கலங்கியது. உள்பக்கம் முழுக்கக் கருகிய பொரிப் பொரியாக, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. வெல்டிங்கின் முதுகில் காற்று பட்டால் எஸ்.எஸ். இப்படித்தான் கருகும். கிண்டி அண்ணன் பைப்பின் இரண்டு முனையையும் அலுமினியத் தாளால் மூடி, ஒரு பக்கம் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விட்டு, மறுபக்கம் வழியாக ஆர்கான் கேஸை உள்ளே அனுப்பினார். காற்று வெளியேறக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் டார்ச்சைத் தொட்டார். அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் வெள்ளிக் கோடு. வெல்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உள்ளே கேஸ் விடுவீங்களா?”

இவ்வளவும் முடிந்து மாட்டி, ஷெட்டிலேயே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பின்பக்க பிராக்கெட்டின் வெல்டிங் விட்டுப் போயிருந்தது. திரும்ப வெல்டிங் வைத்தோம். அடுத்த முறை முன்பக்கம், கலெக்டர் கழுத்தில் மயிரிழை விரிசல்.

தப்பு எங்களுடையது. முன்னால் எஞ்சினோடும் பின்னால் சேஸியோடும் பைப்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தோம். 304 எஸ்.எஸ். ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு 100 டிகிரிக்கும் சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும். எங்கள் பைப் 1.2 மீட்டர். 400 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். எம்.எஸ். இவ்வளவு நீளாது, அதனால்தான் பழைய சைலன்சர் கணக்கு இங்கே செல்லவில்லை. போதாததற்கு எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடுகிறது, சேஸி ஆடுவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட வெல்டிங் என்ன செய்யும்?

கலெக்டருக்குப் பின்னால் ஒரு பெல்லோஸ் துண்டு (மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் குழாய்) சேர்த்தோம். பின்பக்கம் பிராக்கெட்டை அறுத்துவிட்டு இரண்டு ரப்பர் மவுண்டிங், போல்ட் ஓட்டையை முன்னும் பின்னும் 12 மில்லிமீட்டர் நீள ஸ்லாட்டாக அறுத்தோம். ரப்பர் வேகாமல் இருக்க நடுவில் ஒரு தகடு. செலவு, அதற்கு முன் வீணாக்கியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆக்சிஜன் சென்சார் பாஸை (சென்சாரைத் திருக பைப்பில் வைக்கும் மரை வளையம்) மேல் பக்கமாகச் சாய்த்து வையுங்கள், கீழே வைத்தால் நீர் தேங்கி சென்சார் போய்விடும். பைப்புக்கும் ஃபைபர் பாடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு ஒரு தகடு கட்டாயம். நாங்கள் தாமதித்ததில் கதவோரம் ஒரு இடத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டது. வெளிப்பக்கமும் ஓட்டை போட்ட ஷீல்டு வேண்டும். மச்சானின் ஆடுசதையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்து பிட்டுக்கு (டிராக்கில் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும் மச்சான் டார்ச் லைட்டோடு கீழே படுத்துவிட்டான். ஸ்லாட்டில் நான் மார்க்கரில் போட்ட கோட்டிலிருந்து போல்ட் தள்ளி நின்றது. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், 7 மில்லிமீட்டர். வண்டி ஆற ஆற அது மெதுவாகக் கோட்டுக்கே திரும்பி வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.