பிள்ளைக் காம்பராவில் என் மகன் பழகிய விதம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஃபார்மசி வேலைக்கு நான் திரும்பிப் போகவேண்டி வந்தபோது மகனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அதுவரை மாமிதான் பார்த்துக்கொண்டார். முழங்கால் வலி கூடியதால் ஓடுகிற பிள்ளையின் பின்னால் போக அவரால் முடியவில்லை. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. அதனால் ஒன்று டவுனில் பிளே குரூப், இல்லாவிட்டால் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் இடம். பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றிருக்கும்.

"டவுன்ல வேலை பாத்துட்டு, கொழுந்து எடுக்கிறவங்க புள்ளைங்களோடயா விடப்போற?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்: "ஏன், அவன் அப்பனும் அங்கனதான் வளந்தான்."

மாமி சொல்வது பழைய காம்பரா. கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டியிருக்குமாம். வேலையிலிருந்து நின்ற கிழவி ஒருத்தி எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டிருப்பாராம். பிள்ளை விழாமல், பசியில் கிடக்காமல் இருந்தால் போதும் என்ற காலம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குப் போனபோது வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றுக்கென ஒரு நிதியம் உருவானது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் காம்பராக்களுக்கு வந்தது அதற்குப் பிறகு. எல்லாத் தோட்டத்திலும் நிலைமை ஒன்றுபோல இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கட்டிடத்தில் மழை ஒழுகுகிறது என்று அங்கே பிள்ளை விடுகிற என் சிநேகிதி புலம்புவாள். ஆகவே நேரில் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

நான் இரண்டையும் பார்த்தேன். டவுனில் பார்த்த இடம் சுத்தமாக, அழகாக இருந்தது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தோடு கதிரையில் உட்கார்ந்து, புள்ளி வைத்த 'அ'வின் மேல் பென்சில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பியதும், "புக்கைப் பாருங்க" என்று ஒரு சத்தம். பெற்றோருக்கு இன்டர்வியூ உண்டு என்றார்கள். ஆண்டு இறுதிக் கச்சேரிக்கு உடுப்புக் காசு தனி என்றார்கள்.

காம்பராவுக்குப் போனபோது டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். (உத்தியோகத்தர் என்றாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.) சுற்றிலும் சிரட்டைகள், விறகுத் துண்டுகளை இழைத்துச் செய்த கட்டைகள், ஒரு பேசினில் தண்ணீர். ஒரு சின்னப் பெண் பெரிய சிரட்டைத் தண்ணீரைச் சின்னச் சிரட்டையில் ஊற்றி, வழிந்ததும் சிரித்து, மறுபடி ஊற்றினாள். டீச்சர் "நெறஞ்சிருச்சா? இன்னும் கொள்ளுமா?" என்று மட்டும் கேட்டார். நிறைய, கொஞ்சம், காலி, நிறைவு எல்லாம் அந்தப் பிள்ளையின் கையிலேயே நடந்துகொண்டிருந்தது. அங்கேயே விடுவதென்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

சேர்க்கும் வேலை சிக்கலில்லை. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கிளினிக்கில் தந்த சுகாதார விருத்திப் பதிவேடும் கேட்டார்கள். 9 மாத எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), 12 மாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாத முக்கூட்டு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ஏற்புக்கு) எல்லாம் போட்டிருக்கிறதா என்று டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பதிவேட்டில் நிறைக் கோட்டைத்தான் நாங்கள் பார்ப்போம், பின்பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்பது அங்கே இருக்கிறது. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறானா என்று டீச்சர் கேட்டார். "அப்பா வா", "பால் இல்ல" என்பான் என்றேன். அதுகூட வராவிட்டால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃபிடம்) உடனே சொல்ல வேண்டும், முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று லயத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாதாம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் நாட்களில் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார் டீச்சர். ஃபார்மசியில் கெஞ்சி லீவு எடுத்திருந்தேன். மூலையில் உட்கார வேண்டும், விளையாட்டில் சேரக் கூடாது, அவன் வந்து தொட்டுவிட்டுப் போனால் தடுக்கவும் கூடாது. அவன் மடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் ஒரு கட்டையை எடுத்து வந்து என் கையில் தந்தான். பிறகு போகும் தூரம் கூடியது. இதற்கிடையில் டீச்சர் அவனைத் தூக்கவோ கொஞ்சவோ இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் செய்வதையே தானும் செய்தார். அவன் கட்டையை அடுக்கினால் அவரும் அடுக்கினார். ஒரு நாள் காலை அவனாகவே போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, உண்மையைச் சொன்னால்.

அதன் பிறகுதான் வெளியே போகச் சொன்னார். மாமியின் யோசனை வேறு: "அவன் கண்ண மறைச்சிட்டு ஓடிரு. கொஞ்ச நேரம் அழுவான், அப்புறம் சரியாயிரும்." டீச்சர் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "சொல்லாமப் போகாதீங்க. டாட்டா காட்டுங்க, சாப்பிட்டுத் தூங்கி எழும்பினதும் வருவேன்னு சொல்லுங்க, திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார். ஒளிந்து போனால் அம்மா எந்த நேரமும் மறைந்துவிடுவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும், பிறகு வீட்டில்கூடச் சேலையை விடாது என்பது அவர் அனுபவம். நேரத்தைக் கடிகாரத்தில் சொன்னால் இந்த வயதுக்குப் புரியாது, 'தூங்கி எழும்பினதும்' என்றால் புரிகிறது.

அழுதான். பாதை திரும்பும் வரை கேட்டது. கொழுந்து மலையிலிருந்து ஒரு அக்கா, "போங்க மிஸ், எம் மகளும் இப்படித்தான்" என்று குரல் கொடுத்தார். நான் உடுத்திக் கழற்றிய பழைய சுவெட்டர் ஒன்றை டீச்சர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மத்தியானத் தூக்கத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டான்.

பழகிவிட்டான் என்று நான் நிம்மதியானபோது ஒரு பெண் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். சிரட்டைக்குச் சண்டை. பல் தடம் நன்றாகத் தெரிந்தது. நான் வெட்கிப்போய் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க, அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பல்லு நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு உங்க மகனுக்கு" என்று சிரித்தார். டீச்சர் அடிக்கவில்லை, கெட்ட பிள்ளை என்று சொல்லவுமில்லை. கடிபட்டவளை முதலில் மடியில் வைத்து, இவனிடம் "அவளுக்கு வலிக்குது. சிரட்டை வேணும்னா 'எனக்குத் தா' சொல்லணும்" என்றார். பிறகு பல நாட்கள் அந்த இரண்டு சொற்களைத்தான் அவனுக்குப் பழக்கினார். இந்த வயதில் ஆசை முழுதாக இருக்கும், சொல் பாதிகூட இருக்காது, அந்த இடைவெளியில்தான் பல் வருகிறது என்றார். ஒரே மாதிரிச் சிரட்டைகளையும் கூட்டி வைத்தார். இரண்டு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் விளையாடும், சேர்ந்து விளையாட இன்னும் காலம் எடுக்கும். பங்கு போடச் சொல்லி நாம் வற்புறுத்துவது பெரும்பாலும் வீண்.

எழுத்து எப்போது என்று இப்போதும் எல்லோரும் கேட்கிறார்கள். அரச பாடசாலையில் முதலாம் ஆண்டுக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அந்த முதலாம், இரண்டாம் ஆண்டுகளிலேயே பாடத்திட்டம் விளையாட்டுக்கு முதலிடம் தருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசாங்கமே அப்படிச் சொல்லும்போது மூன்று வயதில் பென்சிலை இறுக்கிப் பிடிக்க வைப்பதில் என்ன அவசரம்? மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகவில்லை. மூன்று வயதில் ஒரு வட்டம் வரைந்தால் நல்லது, சதுரம் நாலு வயதுக்கு மேல்தான் வரும். என் மகன் இப்போது வட்டம் போடுகிறான், அதற்கு இரண்டு கால் வைத்து "அப்பா" என்கிறான். பயறு பொறுக்குவது, ரொட்டி மாவு பிசைவது, சுவெட்டர் பொத்தான் போடுவது எல்லாம் அந்த விரல்களுக்கான வேலை. ஒரு குறை உண்டு: புத்தகங்கள் போதாது. படம் கிழிந்த சிலதைத்தான் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். ஹட்டனில் இரண்டு படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், மற்றத் தாய்மாரும் முடிந்ததைச் செய்கிறார்கள்.

போய்ப் பார்க்கிறவர்கள் சுவர்ச் சித்திரத்தை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்: காலையில் வாங்கும் ஆளேதானா மாலையில் கொடுக்கிறார், சமையல் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா, கக்கூசில் தண்ணீர் வருகிறதா, அழுகிற பிள்ளையிடம் யாராவது போகிறார்களா. காற்சட்டை மட்டும் நிறையக் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் துணி காயாது, அடுப்புக்கு மேல் கயிறு கட்டித்தான் காய வைக்கிறேன், புகை வாசனையோடுதான் போகிறான்.

சேர்க்க ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடம் இருந்தால் நடுவிலும் எடுக்கிறார்கள். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடிப்பதற்குள் பழக்கிவிட்டால் நல்லது. மழை தொடங்கினால் சளி, காய்ச்சல் என்று அடிக்கடி வீட்டில் நிற்க வேண்டிவரும், ஒரு கிழமை நின்றால் அழுகை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.