ரேங்க் கார்டு ராத்திரி

ரெண்டாம் பருவம் முடிஞ்சாச்சு, இனி எனக்கு தூக்கம் கெடையாது. மேசைமேல 42 ரேங்க் கார்டு, பக்கத்துல ஆறிப்போன கட்டஞ்சாயா, குலசேகரம் பக்கம் மழை வேற, கரண்ட் போயி போயி வருது.

பருவம் நடக்கும்போதே போடுற வளரறி மார்க் 40, பருவக் கடைசிப் பரீட்சை தொகுத்தறி 60, கூட்டி 91 வந்தா ஏ1 கிரேடு, 81 வந்தா ஏ2ன்னு போட்டுக்கிட்டே போகணும். 2012ல இந்த சிசிஇ, அதாவது தொடர் மதிப்பீட்டு முறை, வந்தப்ப பிள்ளைகளுக்கு சுமை குறையும்னாங்க, குறைஞ்சிருக்கும், எங்க தலையில ஏறினத யாரு எடை போட்டுப் பாத்தா?

ஏழாம் கிளாஸ்ல ஒரு பய, விடியுமுன்ன அப்பாகூட ரப்பர் பால்வெட்டுக்குப் போயிட்டு வாறவன், முதல் பீரியட்ல தூங்கி விழுவான். கணக்குல 38, அதாவது டி. ஆனா இத்தன கிலோ ரப்பர் ஷீட்டுக்கு என்ன கிட்டும்னு கேட்டுப் பாருங்க, பேப்பரே எடுக்காம சொல்லுவான்! இத எந்தக் கட்டத்துல போட?

"முயற்சி தேவை"ன்னு எழுதி அப்புறம் அடிச்சிட்டேன். கார்டுல அடிச்சா எச்எம் வேற கேப்பாங்க. சரி, கேக்கட்டும்.

கையெழுத்து போட அவனுக்க அம்மா வருவா. கார்ட திறந்துகூட பாக்கமாட்டா, "டீச்சரே, பய எப்பிடி இருக்கான்?"னுதான் கேப்பா.