கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை: கருக்கலைப்புக்கு அலைந்த அனுபவம்

18 வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று வந்தது. பிறந்தாலும் பிழைக்காது. உறவுப்பெண்ணுக்குத் துணையாகப் போனேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

முதலில் நாள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். டாக்டர் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார், ஹஜ்ரத் (நம் மார்க்க அறிஞர்) கரு தரித்ததிலிருந்து எண்ணுவார். சுமார் 2 வாரம் இடிக்கும். 120 நாளில் கருவுக்குள் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பது நம் உலமாக்கள், அதாவது இஸ்லாமிய அறிஞர்கள், சொல்லும் கணக்கு. தீராத கடும் குறைபாடு என்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால், அதற்குள் கலைக்கலாம் என்று 1990-ல் மக்காவில் ஃபிக்ஹ் கவுன்சில் (இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அவை) முடிவு செய்தது. அதைத் தாண்டினால் தாயின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும். ஸ்கேனில் 18 வாரம் என்றால், அந்த 2 வாரத்தைக் கழித்து, கரு தரித்து 112 நாள். மிச்சம் ஒரே வாரம்.

உயிர் எப்போது தொடங்குகிறது என்ற பேச்சுக்கே இந்தியக் கருக்கலைப்புச் சட்டம் போகவில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டர், இதுபோன்ற குறைபாட்டுக்கு 24 வரை இரண்டு டாக்டர், அதற்கும் மேல் மருத்துவக் குழு. அந்தக் குழு 3 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஒரு வாரத்தைத் தின்றது ஒரு தனியார் மருத்துவமனையின் கவுண்டர். "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம ஃபைல் உள்ள போகாதும்மா." அவர் துபாயில் இருக்கிறார். வாட்ஸ்ஆப்பில் வந்த கடிதம் செல்லாதாம், அசல் வேண்டுமாம். இத்தனையும் ஹாலில் எல்லோர் காதிலும் விழ, பெயர் சொல்லி. பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு.

18 நிரம்பி, மனநலத்தோடு இருக்கும் பெண்ணுக்குப் படிவம் சி என்ற சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து ஒன்றே போதும். குடும்பத்தார் சம்மதம் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கரு தரித்த நொடியே உயிர் என்று நம்பும் கத்தோலிக்க நர்ஸ் ஒருவர், தன்னால் முடியாதென்று மெதுவாகச் சொல்லி வேறொருவரை அனுப்பினார். அவர் மேல் எனக்கு மரியாதைதான். கவுண்டரில் நடந்ததற்கு எந்த மதமும் காரணமில்லை, வெறும் அதிகாரம்.

தனியார் இடமென்றால் சுவரில் மாட்டியிருக்கும் படிவம் பி சான்றிதழை, அதாவது கருக்கலைப்பு செய்ய அந்த இடத்துக்குள்ள அனுமதியை, படியுங்கள். சில இடங்களுக்கு 12 வாரம் வரைதான் அனுமதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்ட அன்று மாலையே அட்மிஷன் போட்டார்கள்.