ஜோன்ஸைக் கேட்காதீர்கள், வீட்டுப் பெயரைக் கேளுங்கள்

மதுரை ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "முருகன் வீட்டுக்குப் போகணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வேல்ஸில் ஜோன்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முன்னோரைத் தேடுவதும் அப்படித்தான். இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் தவறான ஒரு ஜோன்ஸ் குடும்பத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன், அவர்கள் மேல் பாசமே வந்துவிட்டது.

முதலில் யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கார்டிஃபில். ஜோன்ஸ் என்பது என் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்தவர், தங்கள் வம்சமே ஆதியிலிருந்து ரோண்டாதான் என்று நம்பிக்கொண்டிருந்தார். வீட்டு அலமாரியில் செங்கல் கனத்துக்கு ஒரு வெல்ஷ் பைபிள் இருக்கிறது. அவருக்கு வெல்ஷ் தெரியாது. அவருடைய அப்பா பேசுவாராம், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. முதல் பக்கத்தில் மங்கிய மையில் பிள்ளைகள் பிறந்த தேதிகள், கடைசி வரியில் அத்தையின் அப்பா. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு சொல்: பென்-அ-பிரின். அது ஏதோ ஜெப வாக்கியம் என்று எழுபது வருஷமாக நினைத்திருக்கிறார் அத்தை. அகராதியைப் பார்த்தால் 'குன்றின் உச்சி'. ஜெபமும் இல்லை ஒன்றும் இல்லை, வீட்டுப் பெயர். நம் பக்கம் மேட்டு வீடு என்பது போல. பென்-அ-பிரின் என்ற பெயரில் வீடோ தெருவோ பண்ணையோ வேல்ஸ் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, அதனால் அப்போதைக்கு அது எனக்கு உதவவில்லை.

உதவியது 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த வருஷப் படிவத்துக்கு ஒரு விசேஷம், குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பத்திரமாக இருக்கிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதிய பிரதிதான். வேல்ஸில் வெல்ஷ் மொழிப் படிவமும் கொடுத்தார்கள். அத்தையின் தாத்தா வெல்ஷிலேயே நிரப்பியிருந்தார். தாத்தாவின் கையெழுத்தை அத்தை அதுவரை பார்த்ததில்லை. பைபிளை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அதே கை.

அந்தத் தாளில் என்னை நிறுத்திய இடங்கள் இரண்டு. ஒன்று, பிறந்த ஊர். தாத்தா, பாட்டி, மூத்த பிள்ளைகள் எல்லோருக்கும் வடக்கே கார்னார்வன் மாவட்டத்தில் லான்லெஹிட் என்று இருந்தது. எட்டு வயதுக் கடைக்குட்டிக்கு, அதாவது அத்தையின் அப்பாவுக்கு மட்டும், ரோண்டா. இன்னொன்று, எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த வருஷம் கேட்டிருந்த மூன்று கட்டங்கள். 7, 5, 2. பைபிளில் ஐந்து பெயர்கள்தான் இருக்கின்றன. பைபிள் அந்த இருவருக்குப் பிறகு வாங்கியதாக இருக்கலாம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, டீ போடப் போய்விட்டார்.

லான்லெஹிட் திருச்சபை வட்டாரம் என்றால் பெதஸ்தா ஊர். யோவான் சுவிசேஷத்தில் வரும் அதே பெதஸ்தாதான், குளத்தின் பெயரை சேப்பலுக்கு, அதாவது ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேராதவர்களின் ஜெபக் கூடத்துக்கு, வைத்தார்கள், சேப்பலின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. பெதஸ்தா என்றால் ஸ்லேட் கல், ஸ்லேட் என்றால் பென்ரின் குவாரி. 1900 நவம்பரில் ஏறக்குறைய 2,800 தொழிலாளர்கள் அங்கே வேலையை விட்டு வெளியேறினார்கள், மூன்று வருஷம் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். 1901 ஜூனில் குவாரி திறந்தபோது சுமார் 400 பேர் திரும்பிப் போனார்கள், ஆளுக்கு ஒரு தங்கப் பவுன் கொடுத்தார் முதலாளி பென்ரின் பிரபு. ஊர் அதற்கு வைத்த பெயர் 'வால் பவுன்'. வால்பிடிக்கிறவன் என்று நாமும் சொல்கிறோமே, அதே பொருள்தான் அங்கேயும். போகாதவர்கள் வீட்டு ஜன்னலில் "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வெல்ஷில் அச்சடித்த அட்டையை வைத்தார்கள்.

அத்தைக்கு உடனே ஒரே கவலை. "தாத்தா எந்தப் பக்கம்?"

சரி, கணக்குப் போட்டோம். 1901 கணக்கெடுப்பு நடந்தது மார்ச் 31 அன்று, வேலைநிறுத்தம் தொடங்கி நான்கு மாதம். அதில்தான் நான் முதலில் ஏமாந்தது: கணவன் மனைவி பெயர் இரண்டும் பொருந்த ரோண்டாவிலேயே ஒரு ஜோன்ஸ் குடும்பம் சேர்ந்து கிடைத்தது, அப்படியே எடுத்து வம்ச மரத்தில் ஒட்டிவிட்டேன். நம் குடும்பத்தின் மூத்த மகளுக்கு பைபிளிலிருந்து எடுத்த, யாரும் அதிகம் வைக்காத ஒரு பெயர். அந்தப் பெண்ணைத் தேடியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தேடினால் பெதஸ்தாவில் அம்மாவோடும் தம்பி தங்கைகளோடும் இருக்கிறாள், வீட்டில் ஆண் துணை இல்லை. தாத்தா அதே இரவு இருநூறு கிலோமீட்டருக்கும் தள்ளி ரோண்டாவில் ஒரு வீட்டின் வாடகை அறையில், நிலக்கரித் தொழிலாளி என்று. வேலைநிறுத்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித் தெற்கே போய்ப் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் ஜூனில் திரும்பி வந்து பவுன் வாங்கியிருக்கலாமே? 1911-இல் எட்டு வயது என்றால் கடைக்குட்டி பிறந்தது 1902, 1903 வாக்கில், ரோண்டாவில். வேலைநிறுத்தம் முடிவதற்குள் குடும்பமே தெற்கே வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு சாட்சி என்று வக்கீல் ஒப்புக்கொள்ளமாட்டார், அத்தைக்கு அது போதும்.

இனி பெயர் விவகாரம். வேல்ஸில் பழைய வழக்கம் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வது. மகனுக்கு நடுவில் 'ஆப்', மகளுக்கு 'வெர்ஹ்'. ஆப் ரைஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஹாரி பாரி ஆனது, ஆப் ஓவைன் போவன் ஆனது. 1536-லும் 1543-லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்த பிறகு, மேல்தட்டுக்காரர்கள் ஆங்கில வழக்கப்படி ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்கள் சில இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் மாறவில்லை. வில்லியம் மகன் ஜான் என்றால் ஜான் வில்லியம்ஸ், அவர் மகன் ராபர்ட் என்றால் ராபர்ட் ஜோன்ஸ், ஏனென்றால் ஜானின் மகன். ஒரே வீட்டில் அப்பா ஒரு பெயர், பிள்ளை ஒரு பெயர். இதில் வேடிக்கை, வெல்ஷின் பழைய நெடுங்கணக்கில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது. ஆனால் நாட்டிலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் ஜோன்ஸ்.

இதை என் வீட்டுக்காரருக்கு விளக்க நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகவில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது என் அப்பா பெயர். இங்கே வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

போன செப்டம்பரில் அத்தையும் நானும் கிளம்பினோம். கார்டிஃபிலிருந்து வடக்கு வேல்ஸுக்கு ரயிலில் போவதென்றால் இங்கிலாந்துக்குள் புகுந்துதான் போக வேண்டும், ஹெரஃபோர்ட், ஷ்ரூஸ்பரி என்று. சொந்த வீட்டுக் கொல்லைக்குப் போகப் பக்கத்து வீட்டு வாசல் வழியாக நுழைவது மாதிரி. செஸ்டர் தாண்டியதும் வலது பக்கம் கடல், கான்வியில் கோட்டைச் சுவரை உரசிக்கொண்டு போகிறது ரயில். பேங்கரில் இறங்கி அறை எடுத்தோம்.

முதல் நாள் கார்னார்வன் ஆவணக் காப்பகம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள், பேனா எடுத்துப் போகாதீர்கள், பென்சில்தான். லான்லெஹிட் பதிவேடுகளில் அத்தையின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் தேடினேன், இல்லை. இல்லாததற்குக் காரணம் உண்டு: இவர்கள் சேப்பல்காரர்கள், கால்வினிய மெதடிஸ்டுகள், 1811-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் சேப்பலில். ஆனால் 1754 முதல் 1837 வரைக்கும், குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற யாராக இருந்தாலும் கல்யாணத்துக்கு ஆங்கிலிக்கக் கோயிலுக்குத்தான் போயாக வேண்டும் என்று சட்டம். ஆகவே பிறப்புக்கு ஓர் ஏடு, கல்யாணத்துக்கு இன்னொரு ஏடு. அந்தக் காலத்து சேப்பல் ஏடுகளில் பல லண்டனுக்குப் போய், இப்போது அங்கே கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். அங்கே கிடைத்தார் கொள்ளுத்தாத்தா. அவர் ஜோன்ஸ், அவருடைய அப்பா வில்லியம்ஸ். "அப்போ நாங்கள் ஜோன்ஸே இல்லையா?" என்றார் அத்தை, ஏதோ நான்தான் பிடுங்கிக்கொண்டது போல.

பணம் கட்டாமல் கிடைப்பதையும் சொல்லிவிடுகிறேன். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1858-க்கு முந்தைய வெல்ஷ் உயில்களையும், 1840-களை ஒட்டி வரைந்த திருச்சபைத் தசமபாக வரி வரைபடங்களையும், 1919 வரையிலான பத்திரிகைகளையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வரைபடத்தில் வயல் வயலாக யார் சொந்தக்காரர், யார் குடியானவர் என்று இருக்கும். சந்தா கட்டும் தளங்களுக்கு ஓடும் முன் இங்கே ஒரு வாரம் உட்காருங்கள்.

மறுநாள் பெதஸ்தா பஸ். லான்லெஹிட்டை நான் உச்சரித்ததைக் கேட்ட டிரைவர் இன்ஜினை அணைக்காமலேயே பாடம் எடுத்தார். நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை விட வேண்டும், குரல் வரக்கூடாது. நான் பதிலுக்கு அவரை 'ழ' சொல்லச் சொன்னேன். சமன்.

ஊர் ஒரே நீளத் தெரு. மதுக்கடைகள் எல்லாம் தெருவின் ஒரே பக்கத்தில்தான், எதிர்ப்பக்கம் பென்ரின் எஸ்டேட் நிலம் என்பதால் என்று சொல்கிறார்கள். பின்னால் மலையையே படிபடியாக வெட்டிப்போட்ட குவாரி, ஊதா கலந்த சாம்பல் நிறம், மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் கத்தியபடி பறக்கிறார்கள். பென்ரின் கோட்டைக்கு அத்தை வர மறுத்துவிட்டார். ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த சர்க்கரைப் பணமும் ஸ்லேட் பணமும் கட்டிய கோட்டை. "நூறு வருஷம் கழித்தாவது நான் வேலைநிறுத்தம் செய்கிறேன்" என்றார்.

கோய்ட்மோர் கல்லறைத் தோட்டத்தில் நுழைந்ததும் வயிறு கலங்கியது. ஜோன்ஸ், ஜோன்ஸ், வில்லியம்ஸ், ஜோன்ஸ். எல்லாம் ஸ்லேட், எழுத்து நேற்று வெட்டியது போல நிற்கிறது. கொஞ்ச நேரம் சுற்றிய பிறகுதான் கவனித்தேன், பெரும்பாலான கல்லில் பெயருக்குக் கீழே வீட்டுப் பெயர் இருக்கிறது. எத்தனை ஜோன்ஸ் இருந்தாலும் எந்த வீட்டு ஜோன்ஸ் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. அப்புறம் நாங்கள் ஜோன்ஸைத் தேடவில்லை, ஆளுக்கு ஒரு வரிசையாக பென்-அ-பிரினைத் தேடினோம். தூறல் பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் அத்தை கூப்பிட்டார்.

கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி, பென்-அ-பிரின். கீழே நான்கு வரி வெல்ஷ் கவிதை. இரண்டு வரிசை தள்ளிப் பூ மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். நான் இந்தியா என்றதும் "காசியா?" என்றார், நான் வாரணாசி என்று நினைத்தேன், அவர் சொன்னது மேகாலயத்தின் காசி மலையை. வெல்ஷ் சேப்பல்காரர்கள் அனுப்பி 1841-இல் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்த தாமஸ் ஜோன்ஸ்தான் காசி மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தவர். அங்கேயும் ஒரு ஜோன்ஸ்.

கல்லில் இருந்தது 'எங்ளின்'. நான்கு வரி, 10, 6, 7, 7 என்று முப்பது அசை, ஒரே இயைபு, மெய்யெழுத்துகள் வரிக்குள் அதே வரிசையில் திரும்பி வர வேண்டும். முதல் வரியின் இயைபுக்குப் பின் ஒரு கோடு போட்டு, சில அசைகள் தனியாகத் தொங்கும். நேரிசை வெண்பாவின் தனிச்சொல் மாதிரி! அவர் வாசித்தபோது பொருள் ஒன்றும் புரியவில்லை, மோனை மட்டும் காதில் விழுந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கவிதைக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன, இரண்டும் 'ஹெவிட்' என்று தொடங்கின. 'மேலும்' என்று அர்த்தம் சொன்னார் அவர். மேலும் ஒரு பேரன், வயது மூன்று. மேலும் ஒரு பேத்தி, எட்டு மாதம். தேதிகள் இரண்டும் 1900-க்கு முன்னால்.

அத்தை கைப்பையிலிருந்து பைபிளின் முதல் பக்கத்துப் படத்தை எடுத்தார். பின்பக்கம் திருப்பி என் பென்சிலை வாங்கி, அந்த இரண்டு பெயர்களையும் தேதிகளையும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டார், நான் மேலே குடை பிடித்தேன். பஸ்ஸை விட்டுவிட்டோம், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.