கரும்புள்ளி

இன்று விடியலில் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் எடுத்த படத்தில், வானத்தின் வலது ஓரமாக ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி என்று எண்ணி அழிக்கப்போன நான், பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கழுத்தை நீட்டிப் பறந்துகொண்டிருந்த நத்தைகுத்தி நாரை என்பதை அறிந்தேன்.

1977ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்த கண்மாய் இது. பறவைகள் மிரளும் என்பதால் இவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

மூன்று வாரங்களாகக் கணக்கேடுகளைத் தவிர வேறெதையும் பார்க்காதிருந்த கண்களுக்கு, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100இல் வைத்து, முக்காலியை ஊன்றிவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்திருந்த அந்த அரைமணி நேரமே போதுமானதாக இருந்தது.

ஆனால், வீட்டில் படத்தைத் திருத்த அமர்ந்தபோதுதான் அந்தக் காலையை முழுமையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

வழக்கமாகப் பகிரப்படும், சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப் படிநிலைகளே உண்டு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பிலோ 16,384. அதனால் நிழலுக்குள்ளும் விவரங்கள் தங்கியிருக்கும். இருட்டாகத் தெரிந்த கருவேல மர நிழலைச் சற்றே உயர்த்தியதும், அதற்குள் இரண்டு கூடுகள் மெல்லத் துலங்கின.

கரையின் செம்மண்தான் படுத்திவிட்டது. கேமரா தானாகவே நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை வெளுக்கவைத்திருந்தது. நிறச்செறிவைக் கூட்டினாலோ குங்குமமாகிவிடுகிறது (அப்படிப் பளபளக்கும் படங்கள் எனக்கு ஒவ்வாதவை). கடைசியில் மண் அப்பிய செருப்பையே திரையருகே வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தேன்.

"செருப்பை வைக்கிற இடமா அது?" என்றார் ஆத்தா. படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து வரச்சொல்லி, அந்தப் புள்ளியைத்தான் முதலில் தொட்டார்.