தென்மராட்சி வானமும் ஸ்காபரோ நிலவும்

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரால் நின்றுபோன மின்சாரம் எங்கள் வகுப்பு சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை திரும்பி வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியுமாகப் படித்த தலைமுறை நாங்கள். அந்தக் காலத்து இழப்புகளைப் பற்றி நம் பழைய மாணவர் சங்க மலரில் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த இருட்டில் தெரிந்த வானத்தைப் பற்றி. இன்று கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கமராவும் முக்காலியுமாக நிலவைப் படமெடுத்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், அதற்கு விதை விழுந்தது அங்கேதான்.

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர், மாலை வகுப்பு முடிந்து நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது மறித்து வைத்து வானத்தைக் காட்டுவார். தை, மாசி மாதங்களில் தெற்கே பளிச்சென்று நிற்கும் அகத்தியர் நட்சத்திரம். சித்திரை, வைகாசியில் தென்சிலுவை. வடக்கே பனைகளுக்கு மேலே மங்கலாகத் துருவ நட்சத்திரம். கையை நேரே நீட்டிப் பொத்திப் பிடித்தால் பொத்திய கையின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு கை உயரத்தில் நின்றால், நாம் நிற்பது வட அகலாங்கு 10 பாகை அளவில். யாழ்ப்பாணத்துக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும். கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் வீட்டு வாசலில் நின்று அதேபோல அளந்து பார்த்தேன். நாலு கைக்கும் சற்று மேல். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு நாங்கள் குடாநாட்டின் தென்கிழக்கிலுள்ள தென்மராட்சிக்குப் போனோம். பள்ளிக்கூடம் மரநிழலில் நடந்தது. 1996 பங்குனிக் கடைசியில் ஹயாகுடேக்கே வால்வெள்ளி பூமிக்கு அருகே வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் யூஜி ஹயாகுடேக்கே என்ற ஜப்பானியர். தொழில்முறை வானியலாளர் அல்ல. பெரிய இருகண் நோக்கி ஒன்றால் வானத்தைத் தேடிக்கொண்டிருந்த பொழுதுபோக்கு ஆர்வலர். "உங்களைப்போல ஒரு ஆள்தான் இதைக் கண்டுபிடிச்சது" என்று சேர் சொன்னபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறை மறைந்த பிறகு வடக்கு வானில் பச்சை கலந்த ஒளித்தலையும் நீண்ட வாலுமாக அது நின்றது. பக்கத்து நட்சத்திரத்தைக் குறித்து வைத்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால், ஒரு நிலவின் அகலம் அளவுக்கு நகர்ந்திருக்கும். படமெடுக்க வழியே இல்லை. டோர்ச்சுக்குப் பற்றறி கிடைக்காத நாட்களில் கமராவுக்கு எங்கே போவது? ஆனால் நாங்கள் தங்கியிருந்த முகாமில் எத்தனையோ பேர் முற்றத்தில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். அந்த வால்வெள்ளியை நான் எந்தப் படத்தையும் விடத் தெளிவாக வைத்திருக்கிறேன்.

இங்கே வேலை, குடும்பம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் ஒரு கமராவும் 300 மில்லிமீற்றர் லென்ஸும் வாங்கினேன். நகர வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது. அதற்கு வடக்கே மஸ்கோகாப் பக்கம், இருண்ட வானத்துக்கென்று பாதுகாக்கப்படும் டொரன்ஸ் பாரன்ஸ் வரை போகவேண்டும். நிலவுக்கு அந்தக் கவலை இல்லை. அது வெயிலில் கிடக்கும் பாறை. ஆகவே பகல் காட்சிக்கு வைப்பது போலத்தான் ஒளியளவை வைக்க வேண்டும். முழுநிலவுக்கு லென்ஸ் துவாரம் எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருப்பது செக்கனில் நூற்றில் ஒரு பங்கு. அங்கிருந்து கூட்டிக் குறைக்கலாம். தானியங்கியில் விட்டால் கமரா கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து நிலவை வெறும் வெள்ளை வட்டமாக்கிவிடும்.

என்னைக் கேட்டால் முழுநிலவைவிட வளர்பிறை எட்டாம், ஒன்பதாம் நாள் நிலவுதான் அழகு. முழுநிலவில் நேர்வெயில், நிழல் கிடையாது. அரை நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் மலைகளின் நிழல் நீண்டு விழும். கொப்பர்னிக்கஸ் பள்ளத்தைப் பாருங்கள். 93 கிலோமீற்றர் அகலம். நம் குடாநாடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். முதலில் விளிம்பில் மட்டும் வெயில் பிடிக்கும், உள்ளே ஒரே கறுப்பு. சில மணி நேரத்தில் நடுவிலுள்ள குன்றுகளின் நுனியில் வெளிச்சம் ஏறும். ஓர் உலகத்தில் விடிவதை நம் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறோம்!

2019 தை மாதச் சந்திர கிரகணம் ரொறன்ரோவில் நள்ளிரவை ஒட்டி நிகழ்ந்தது. உறையும் குளிர். மேலதிகப் பற்றறிகளைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றி மாற்றிப் போட்டேன். 62 நிமிட முழுக்கிரகணம். சிவந்து இருண்ட நிலவுக்கு ஷட்டரைச் செக்கன் கணக்கில் திறந்து வைக்கவேண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கம்பளி போர்த்துக்கொண்டு வந்து கமராத் திரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஆனாலும் நிலவுக்கு ஏற்ற இடம் ஊர்தான். தாழ்வாக நிற்கும் நிலவை நாம் தடித்த காற்றுக்கூடாகப் பார்க்கிறோம், படம் கலங்கும். 2025 ஆனி முழுநிலவு இங்கே உச்சத்திலும் 20 பாகையை எட்டவில்லை. யாழ்ப்பாணத்திலோ உச்சிக்கு வரும் நிலவு எந்த மாதத்திலும் 50 பாகைக்குக் கீழே நிற்பதில்லை. தலைக்கு மேலேயே வந்துபோகும் நாட்களும் உண்டு. அகத்தியர் நட்சத்திரம் ரொறன்ரோவில் உதிப்பதே கிடையாது. ஊரில் இப்போது தெருவெல்லாம் விளக்கு. அது வரவேண்டிய வெளிச்சம்தான், எனக்கு அதில் மனக்குறை இல்லை. நிலவையும் வியாழனையும் சனியையும் அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது.

அதனால்தான் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். கணினி அறைக்கும் மைதானத்துக்கும் பணம் சேர்க்கிறோம். அதோடு 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றையும் பள்ளிக்கு வாங்கிக் கொடுப்போம். மோட்டர் இல்லாத, மரப்பீடத்தில் கையால் திருப்பும் எளிய வகை போதும். கண்வில்லையில் கைத்தொலைபேசியைப் பொருத்தினாலே பிள்ளைகள் நல்ல நிலவுப் படம் எடுப்பார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நான் முன்வைக்கப் போகிறேன். என் பங்கைத் தருவதோடு, ஊருக்குப் போகும்போது விடுதிப் பிள்ளைகளோடு இரவில் இருந்து பழக்கிவிடவும் தயார். வழிமொழிய நம் வகுப்பு ஆட்கள் யாராவது வாருங்கள்.